பெயர்களுக்குப் பங்காளி தேடியவர்

வில்லியனூர் அங்காடித் தெருவிலிருந்த அந்தப் பாத்திரக்கடையில், தம் பெயரைச் சொல்லிவிட்டு உடனே வெளியேறியவர் எவரும் இலர்.

வாங்கிய ஏனத்தில் பெயர் வெட்டித் தருவது நம் பக்கத்துக் கடைகளின் வழக்கம். திருமணச் சீராகட்டும், காதணி விழா அன்பளிப்பாகட்டும், பெயரில்லாத ஏனத்தை நம்மவர் ஏனமாகவே மதிப்பதில்லை. கொடுத்தவன் பெயர் கொண்டவன் அடுக்களையில் ஆண்டுக்கணக்கில் நின்று சான்று பகர வேண்டும். பிற கடைகளில் இவ்வேலைக்கென ஒருவர் மூலையில் அமர்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஏனத்தை இழுத்துக்கொள்வார். இந்தக் கடையிலோ அந்த மின்கருவி, கடைக்காரரின் மனைவியான அம்மையாரின் கையிலேயே இருந்தது. கணவர் சரக்கெடுக்க வெளியூர் செல்வார். கடை அவருடையது, கல்லாவும் கருவியும் வாயும் அம்மையாருடையவை என்று அத்தெருவார் சொல்வதுண்டு.

உயர்ந்த முக்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “இன்னா பேரு?” என்பார். வாடிக்கையாளர் பெயரைச் சொல்வார். பாதி எழுத்து வெட்டியதும் கருவி நின்றுவிடும். எழுத்தின்மேல் படிந்த இரும்புத்தூளை ஊதிவிட்டு, “இந்தப் பேருக்கு ஒறவு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்பார். தெரியாது என்பவருக்கு முழு விளக்கம் உண்டு. தெரியும் என்று தப்பிக்கப் பார்ப்பவருக்குத் தேர்வு உண்டு. முகூர்த்த நாளுக்கு முந்திய மாலைகளில் வரிசை தெருவரை நீளும். அம்மையாரோ சுலைமான் என்னும் முட்டை வணிகரிடம், அவருடைய பெயருக்கு உறவுக்காரர் சிற்றுந்து ஓட்டும் சாலமோன் என்பதை மெய்ப்பித்துக்கொண்டிருப்பார்.

நான் முதன்முதலில் அக்கடைக்குச் சென்றது மகள் திருமணத்துக்குச் சீர் வாங்க. எவர்சில்வரை நான் நிலைவெள்ளி என்று குறிப்பிட, வெள்ளி வேண்டுமானால் எதிர்க்கடைக்குப் போகுமாறு பணிவோடு வழிகாட்டினார். பிறகு என் பெயரைக் கேட்டார். பிறந்தபோது இடப்பட்ட வடமொழிப் பெயரைக் கல்லூரி நாள்களில் தனித்தமிழாக்கிக்கொண்டவன் நான். அந்த வரலாற்றைச் சற்றுப் பெருமிதத்தோடு சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “அப்பா வெச்ச பேர வேத்து வூட்ல கல்யாணம் கட்டிக் குடுத்துட்டீங்க. அது சம்பந்தி மொறை அய்யா, பங்காளி இல்ல” என்றார்.

அவர் நெடுநாள் உழைத்து அமைத்திருந்த ஒரு முறைமையை அன்றுதான் அறிந்தேன். ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் அவருக்குப் பங்காளிகள். வெவ்வேறு மொழியில் பிறந்து பொருளால் ஒன்றுபட்ட பெயர்கள் சம்பந்திகள். கொண்டு கொடுக்கலாம், சொத்தில் பங்கு கிடையாது. வேரும் ஒன்றன்று, பொருளும் ஒன்றன்று, ஒலி மட்டும் ஒத்திருக்கிறது என்றால் அவை ஒரே பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்தவை. தாவீதும் தாவூதும் பங்காளிகள். இரண்டுக்கும் அன்புக்குரியவன் என்பது பொருளாதலால் அன்பழகன் அவர்களுக்குச் சம்பந்தி. மொழிநூல் கற்பித்து ஓய்வு பெற்ற நான் வகுப்பறையில் ஒரு பருவம் முழுவதும் முயன்றும் விளக்கமாட்டாததை அவர் உறவுமுறையால் விளக்கிவிட்டிருந்தார் என்று எழுதினால் அது புகழ்ச்சியாகிவிடும். ஏனெனில் அவருடைய முடிபுகளில் பாதிக்குப் பாதி தவறு. பள்ளிவாசல் பெரியவர் தேநீர்க் குவளை வாங்க வந்தபோது சொன்னதையும், மாதா கோயில் கன்னியர் வாளி வாங்க வந்தபோது சொன்னதையும், பேருந்தில் எவரோ சொன்னதையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பார். அந்தோணியும் அனந்தனும் பங்காளிகள் என்பது அவர் இறுதிவரை விடாத கொள்கை. இல்லை, அவை பேருந்துத் தோழமைதான் என்று நான் எத்தனை மாலைகள் வாதாடியிருப்பேன். “உங்களுக்கு அனந்தன் யாருன்னு தெரியாது அய்யா. எங்க வூட்டுக்கு எதிர் வூடு” என்பதே அவர் மறுமொழி. அதற்கு மேல் மொழிநூலில் சான்றேது.

மெய்யான உறவுகளும் இல்லாமல் இல்லை. எபிரேயமும் அரபும் ஒரு தாய் வயிற்று மொழிகள். மூன்று மெய்களை வித்தாக ஊன்றி, இடையிடையே உயிரொலி பெய்து சொல் விளைவிப்பவை. அமைதியைக் குறிக்கும் ஒரே வித்துத்தான் அங்கே சாலமோனாகவும் இங்கே சுலைமானாகவும் முளைத்தது. கேட்டல் என்னும் பொருளுடைய வித்து இஸ்மவேல், இஸ்மாயில் என்னும் இரு பெயர்களிலும் உண்டு. இறைவன் செவிசாய்த்தான் என்று பொருள். சகரியா என்றால் இறைவன் நினைவில் வைத்தான் என்பது. இதை நான் சொன்ன மாலையில், வெங்காயக்கடைச் சகரியாவை வரவழைத்து, “யோவ், சாமி உன்ன ஞாபகம் வெச்சிருக்காரு, நீ எனக்குத் தரவேண்டிய குண்டானத்தான் மறந்துட்ட” என்று அம்மையார் நினைவூட்டினார்.

அவருடைய ஆர்வத்தால் இழப்பும் நேர்ந்ததுண்டு. ஒருமுறை விருந்துச் சமையற்காரர் தாவூத் பிரியாணிக்கென ஆளுயரத் தேக்சா ஒன்று வாங்கிப் பெயர் வெட்டக் கொடுத்தார். வேர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வெட்டிய அம்மையார், தாவீது என்று பொறித்துவிட்டார். வந்து பார்த்த தாவூத் திகைத்தார். இரண்டும் நீங்கள்தாம் என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், கரண்டு பில்லில் அப்படி வருவதில்லையே என்று அவர் மறுத்துவிட்டார். வேறொன்றில் சரியாக வெட்டிக் கொடுத்து அனுப்பிய பின், அதே தேக்சாவை மற்றொரு சமையற்காரரான டேவிட்டுக்கு விலை குறைத்துத் தள்ளிவிட முயன்றார். டேவிட் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, இது பைபிளில் வருகிறவர் பெயர், என் பெயர் டேவிட் என்று சொல்லிப் போய்விட்டார். பங்காளிகள் இருவரும் கைவிட்ட அந்தத் தேக்சா கடைக்குள்ளேயே அரிசி மூட்டை காக்கும் பணியில் அமர்ந்தது.

பெயரால் பங்காளிகளானவரை நேரில் சேர்த்துவைப்பதிலும் அவருக்குத் தீராத விருப்பம். மூசா பாய் வீட்டில் மின்விசிறி பழுதானபோது மோசஸ் என்னும் மின்பணியாளரை அனுப்பிவைத்து, பங்காளியிடம் கூலி குறைத்து வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். மோசஸ் தலையைச் சொறிந்துகொண்டு, “பங்காளின்னா சண்டைதானம்மா வரும், கூலி எங்க கொறையும்?” என்று கேட்டார். நம் நாட்டு உறவுமுறை பற்றி அக்கடையில் நான் கேட்ட தெளிந்த உரை அதுவே. அதன் உண்மை பின்னர் ஒரு வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

அக்கடையில் கணினியில் விலைச்சீட்டு போடும் பெண் ரோசலின். பூரணாங்குப்பத்து உழவர் சூசையின் ஒரே மகள். சுல்தான்பேட்டையில் இருசக்கர வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கும் யூசுப்பின் மகன் அன்வரை விரும்பி, பழைய ஆட்கள் இன்றும் ‘எத்தா சிவில்’ என்று பிரெஞ்சில் வழங்கும் பதிவகத்தில் மணந்துகொண்டாள். அன்றிலிருந்து சூசை மகளோடு பேசவில்லை. யூசுப் மகனோடு பேசவில்லை. இளையோர் இருவரும் அரியாங்குப்பத்தில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்துக் குடியிருந்தனர். தாய்மார் இருவரும் தத்தம் கணவருக்குத் தெரியாமல் முறை வைத்து வந்து போயினர்.

ரோசலின் கருவுற்றாள். ஏழாம் திங்களில் வளையல் அடுக்க எந்த வீட்டாரும் வாராமையால், அம்மையாரே கடைக்குள் நாற்காலி போட்டு அவளை அமர்த்தி, வந்திருந்த வாடிக்கையாளரையெல்லாம் உறவினராக்கி, அச்சடங்கை நடத்தினார். அன்று அவளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டார். பட்டோ நகையோ சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் இரண்டு அப்பாக்களும் ஒரே பாயில் குந்த வேண்டும், அது ஒன்றுதான் என்றாள். பெயர் எதுவாக இருந்தாலும் சரி என்றாள். அம்மையார் அவள் கன்னத்தைத் தட்டி, அதெல்லாம் ஆகட்டும் என்று வாக்களித்தார். வாக்களிப்பது அவருக்கு எளிது. எப்படி என்பதைப் பின்னரே எண்ணுவார்.

அவள் விடுப்பில் சென்ற மறுவாரம் சூசை கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கிருந்தேன். மெலிந்த உருவம், வெளுத்த சட்டை, கடைக்குள் நுழையும்முன் கணினி இருந்த மூலையை எட்டிப் பார்த்து அது ஆளின்றி இருப்பதை உறுதி செய்துகொண்ட எச்சரிக்கை. குழந்தை பால் குடிக்கும் கிண்ணம் ஒன்று வேண்டும், அதில் சூசை என்று வெட்ட வேண்டும் என்றார். அவர் வீட்டு வழக்கம் தலைப்பேரனுக்குத் தாத்தன் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு என்று நான் துணை நிற்க, அவர் அதற்கு நன்றி பாராட்டவில்லை. பிறக்குமுன் ஏனம் வாங்கலாகாதே என்று அம்மையார் தயங்கினார். பெண்ணாய்ப் பிறந்தால் என்ன செய்வீர் என்றும் கேட்டார். தம் குடியில் தலைப்பிள்ளை எப்போதும் ஆண்தான் என்று ஒரே மகளின் தந்தையான சூசையே கூறிவிட்டார். தாம் வந்துபோனதை மகளிடம் சொல்லலாகாது என்று இருமுறை வற்புறுத்திவிட்டுப் படியிறங்கியவர், செருப்பைத் தேடும் பாவனையில் நின்று, “ஒடம்பு எப்படி இருக்குதாம் அதுக்கு?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும் செருப்பு உடனே அகப்பட்டது.

அதே வாரத்தில் யூசுப்பும் வந்தாராம். அகன்ற உடம்பும் அதற்கேற்ற குரலும் கொண்டவர். அவருக்கும் கிண்ணந்தான் வேண்டும். அதில் யூசுப் என்று வெட்ட வேண்டும். அவர் வந்ததும் மகனுக்குத் தெரியலாகாது. மாலையில் நான் சென்றபோது அம்மையார் இரண்டு கிண்ணங்களையும் மடியில் வைத்துக்கொண்டு, தேர்வில் முதலிடம் பெற்ற மாணவி போல் ஒளிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அய்யா, மாட்டினாங்க ரெண்டு பங்காளியும்.”

உண்மைதான். எபிரேயத்து யோசேப்பே அரபில் யூசுப். அப்பெயரே கடல் கடந்து வந்த போர்த்துகீசியப் பாதிரிமார் வாயில் உருமாறி, தமிழ் வாயில் சூசையாயிற்று. வேடம் புனைந்தமையால் பங்காளியைப் பங்காளி அடையாளம் காணவில்லை. ஆக, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரே பெயர். இரு தாத்தாக்களுக்கும் நிறைவு. பாய் ஒன்று விரித்தால் வழக்கு முடிந்தது. அம்மையாரின் கணக்கு அது. இருவரையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கிண்ணம் வாங்கிக்கொள்ள வரச்சொன்னார். சான்றுரைக்க என்னையும் வரச்சொன்னார்.

இருவரும் வந்தனர். ஒருவரை ஒருவர் கண்டதும் இருவருமே திரும்பிப் போக முனைந்தனர். வாயிலில் அண்டா அடுக்கி வழியை அடைத்துவைத்திருந்த அம்மையாரின் முன்னறிவால் அது கூடவில்லை. அவர் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். கடையில் அமைதி நிலவியது. மகிழ்ச்சிப் பெருக்குக்கு முந்திய அமைதி அது என்று அவர் நினைத்தார்.

“எம் பேரு சூசையப்பரு பேரு. மாதாவுக்கு ஊட்டுக்காரரு. தச்சு வேலை” என்றார் சூசை.

“எங்க யூசுப் நபி, யாகூப் நபியோட புள்ள. கெணத்துல போட்டாங்கோ, ராஜா ஊட்ல பெரிய ஆளா வந்தாரு. அவருக்கும் தச்சு வேலைக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார் யூசுப்.

இருவரும் என்னை நோக்கினர். அம்மையாரும் நோக்கினார். இருவர் கூற்றும் சரியே. அவரவர் பெயரால் போற்றும் பெரியோர் இருவரும் வெவ்வேறு காலத்தவர், பெயர்தான் ஒன்று. அதைச் சொன்னேன். தம் தரப்புச் சான்று எதிர்த்தரப்புக்கும் சான்று சொல்லியதை அம்மையார் விரும்பவில்லை. “ஆளு வேறயா இருக்கட்டும். பேரு ஒண்ணா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க” என்று மடக்கினார். ஒன்றே என்றேன். அத்துடன் நின்றிருக்கலாம். ஆசிரியப் பழக்கம் விடாமையால் பொருளையும் சொன்னேன்: இன்னும் ஒன்றைக் கூட்டித் தருக என்பது அதன் பொருள், பழங்காலத்தில் ஒரு தாய், பிறந்த மகனைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு மகனையும் கேட்டு இட்ட பெயர் அது என்றேன்.

இருவர் முகமும் மலர்ந்தன. இரண்டாவதும் பையன் என்று எடுத்துக்கொண்டனர். அந்த மலர்ச்சி நீடிக்குமுன் அம்மையார், அப்படியானால் பிள்ளையைச் சூசை என்று கூப்பிடுவதா யூசுப் என்று கூப்பிடுவதா என்பதை இப்போதே தீர்த்துக்கொள்ளலாமே என்றார். பங்காளிகளிடையே அதுவரை இல்லாத ஒரு சொத்து உண்டாயிற்று. பாகப்பிரிவினையும் உடனே தொடங்கிற்று. முடிவில் இருவரும் கிண்ணங்களை வாங்காமலே, இந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்பதில் மட்டும் ஒன்றுபட்டுச் சேர்ந்தே வெளியேறினர். தேநீர்க் கடைவரை சேர்ந்து சென்றதாகவும், தேநீர் வருமுன் எதிரெதிர்ப் பக்கம் பிரிந்துவிட்டதாகவும் பின்னர்த் தெரியவந்தது.

பிறந்தது பெண்.

சூசை மருத்துவமனைக்கு வரவில்லை. யூசுப்பும் வரவில்லை. இருவரும் ஆளிடம் சொல்லியனுப்பிய செய்தி, கலந்து பேசிக்கொண்டதுபோல் ஒன்றாகவே இருந்தது: அடுத்தது பையனாகப் பிறக்கட்டும், அப்போது வருகிறோம். கிண்ணங்கள் அலமாரியிலேயே இருந்தன.

இச்செய்தி கடைக்கு வந்த மாலை நானும் அங்கிருந்தேன். நல்ல கூட்டம். அம்மையார் ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் கருவியை நிறுத்தினார். விளக்கம் எதுவும் தொடங்கவில்லை. இரும்புத்தூளை ஊதவும் இல்லை. தம் பெயர் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் திடுக்கிட்டேன். அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அதை நான் கேட்டதே இல்லை. ஊரார் அனைவருக்கும் அவர் கடையம்மா. கடைப் பலகையில் மாமனார் பெயர்.

சொன்னார். அப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; அதை எவரும் அறிய அவர் விரும்பியதில்லை. வீட்டில் தொடர்ந்து பெண்ணே பிறந்து, மேலும் ஒரு பெண் பிறந்தால், இனிப் பெண் தரவேண்டா என்று தெய்வத்துக்கு விண்ணப்பம் செய்வது போல் அக்குழந்தைக்கே ஒரு பெயரிடும் வழக்கம் நம் வடபகுதிச் சிற்றூர்களில் உண்டு. அவ்வகைப் பெயர் அது.

“எம் பேரு, போதும்னு சொல்ற பேரு அய்யா. இவனுங்க பேரு, இன்னும் ஒண்ணு குடுன்னு கேக்கற பேரு. ரெண்டுமே, வந்தவள வாம்மான்னு சொல்லலியே.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து இரு கிண்ணங்களையும் எடுத்தார். கடை வாயிற்படியில், பெயர்கள் தெருவை நோக்கித் தெரியுமாறு வைத்து, இரண்டிலும் நீர் நிரப்பினார். அது கோடைக்காலம். முதலில் காக்கைகள் வந்தன. அடுத்து, அங்காடித் தெருவில் எந்தக் கடையையும் தன் கடையாகக் கருதும் தாடி வைத்த வெள்ளாடு ஒன்று வந்தது; யூசுப்பில் பாதியும் சூசையில் பாதியுமாக, பாரபட்சமின்றிப் பருகியது. போவோர் வருவோர் நின்று பெயர்களைப் படித்தனர். படித்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தனர். பூரணாங்குப்பமும் சுல்தான்பேட்டையும் வில்லியனூரிலிருந்து எவ்வளவு தொலைவாயினும் படத்துக்குத் தொலைவேது.

மறுநாள் காலையிலேயே இருவரும் வந்து சேர்ந்தனர். என் வீட்டுக்கு ஆள் அனுப்பி என்னையும் வரவழைத்திருந்தார் அம்மையார். யூசுப்பின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. ஒருவன் பெயரை ஆட்டின் வாயில் வைப்பதா, இதற்குமேல் என்ன இழிவு இருக்கிறது என்று அவர் முழங்க, சூசை பின்னணியில் ஆமென்று தலையசைத்தார். அவர்கள் மீண்டும் ஒரு கட்சியாயினர். அம்மையார் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, கிண்ணங்களைப் புளியிட்டுத் துலக்கி, வெந்நீரில் அலசி, துடைத்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்.

“ஆடு குடிச்ச பேரு, கொழந்த குடிச்சாத்தான் சுத்தமாவும். ஆட்டோ நிக்குது, ஏறுங்க. இல்லன்னா கிண்ணத்த வெச்சிட்டுப் போங்க, ஆட்டுக்கு மறுபடி தாகம் எடுக்கும்.”

கடைக்கூட்டம் மொத்தமும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தானி வாயிலில் உறுமிக்கொண்டிருந்தது. அந்நிலையில் ஏறாதிருப்பதற்கு ஏறுவதைவிட மிகுந்த துணிவு வேண்டும்; இருவரிடமும் அது இல்லை. அம்மையார் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு முன்னால் ஓட்டுநர் பக்கம் தொற்றிக்கொண்டார். பின்னிருக்கையில் இரு தாத்தாக்களும் கிண்ணங்களோடு அமர, இருவரும் ஒருவரையொருவர் தொடாமலிருக்கும் பொருட்டு நடுவில் நான் வைக்கப்பட்டேன். அரியாங்குப்பம் வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்தனர். வேகத்தடைகளில் மட்டும் மூவரும் நெருங்கினோம்.

குழந்தைக்கு என்ன பெயர் இட்டனர் என்று கேட்பீர்கள். அது பிறகு நடந்தது. பெற்றோர் தாங்களே கூடிக் கைப்பேசியில் தேடித் தேர்ந்த புதுமைப் பெயர். எந்த மொழியின் எந்த வேரிலும் அதற்கு உறவில்லை. அம்மையார் பல வாரம் தேடிப் பார்த்துவிட்டு, பெயரே அனாதையாக இருக்கிறது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டார். அந்த விழாவில் பாய் விரிக்கப்பட்டதா என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். விரிக்கப்பட்டது, நானும் அதில் ஓர் ஓரத்தில் இருந்தேன். ஆயினும் அவ்வழக்கு தீர்ந்தது அந்தப் பாயில் இல்லை. நாங்கள் தானியில் சென்ற அந்தக் காலையிலேயே, மாடிப்படியின் உச்சியில், செருப்புகள் சிதறிக் கிடந்த ஒரு சிறு இடத்தில்.

அன்வர் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த ரோசலின் எங்களைக் கண்டாள். தந்தையைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், கிண்ணங்களைப் பார்த்தாள். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே சென்று குழந்தையைத் துணியோடு வாரி எடுத்துவந்து, வாயிற்படிக்கு அப்பால் நின்றாள். அவள் உதடுகள் அழுந்தியிருந்தன. இவர்கள் திரும்பிவிட்டால் இனி ஒருபோதும் அழைக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சூசை கனைத்துக்கொண்டு பெயரைப் பற்றி ஏதோ தொடங்கினார்.

“பேரு கெடக்குது, கைய நீட்டுங்க” என்றார் அம்மையார்.

சூசை நீட்டினார். ஒரு கையில் கிண்ணம் இருந்தது. பச்சைக் குழந்தையை ஒற்றைக் கையால் வாங்க இயலாது. தம் பெயர் பொறித்த ஏனத்தைச் செருப்புகளுக்கிடையே தரையில் வைக்கவும் மனம் ஒப்பவில்லை. இப்புறம் பார்த்தார், அப்புறம் பார்த்தார். அருகில் இருந்தவர் யூசுப் ஒருவர்தாம். கிண்ணத்தை அவர்பக்கம் நீட்டினார். யூசுப் வாங்கிக்கொண்டார்.

குழந்தை சூசையின் கைக்கு மாறியது. “கழுத்துக்குக் கை குடுய்யா” என்று யூசுப் பதறினார். சூசை கையைத் திருத்திக்கொண்டார். குழந்தை கண்விழித்து அவர் சட்டைப் பொத்தானை உற்று நோக்கியது. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ரோசலின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரு கைகளிலும் இரு கிண்ணங்களோடு நின்ற யூசுப்புக்குப் பொறுமை தீர்ந்தது. இரண்டையும் ஒருசேரச் சூசையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எவ்ளோ நேரம் வெச்சிருப்பீங்க? இந்தாங்க, ரெண்டையும் நீங்க புடிங்க. புள்ளய இங்க குடுங்க.”